பாதித் தட்டு

ரங்கூன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பேத்தி பிறந்த சேதி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். உடனே பதில் போட முடியாததற்குக் காரணம் நம் பெரியண்ணன். இரண்டு மாதத்துக்கு முன்பு அவருக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் வலது பக்கம். கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சும் தெளிவு. ஆனால் வேறொன்று இருக்கிறது, அதைத்தான் உனக்கு விவரமாக எழுத நினைத்தேன்.

தட்டில் வலது பக்கத்துச் சோற்றை மட்டும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, “அவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடு” என்றார். இடது பக்கத்தில் சோறும் மீன் துண்டும் தொடாமல் கிடந்தன. அண்ணி தட்டைத் திருப்பி வைத்தார். புதிதாகப் பரிமாறியது போல அதையும் சாப்பிட்டார். ‘தேங்காய்’ என்று எழுதிக் காட்டினால் ‘காய்’ என்று வாசிக்கிறார். சவரம் செய்தால் இடது கன்னம் அப்படியே நிற்கிறது. பார்வையில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வீட்டில், “வேண்டுமென்றே செய்கிறார், பிடிவாதம்” என்று ஒரு பேச்சு கிளம்பியது. எனக்குப் பொறுக்கவில்லை.

சிங்கப்பூரில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருக்கிறாளே என் மகள், அவளிடம் கேட்டேன். அண்ணனுக்குக் குறைந்திருப்பது பார்வை இல்லை, இடது பக்கத்தின் மேல் போகும் கவனமாம். அந்தக் கவனம் என்பது மூளையில் ஏதோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பது இல்லையாம். உச்சந்தலைக்குக் கீழே பின்பக்கம் இருக்கும் பகுதியும், நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியும் சேர்ந்துதான் எங்கே கவனிப்பது என்று தீர்மானிக்கின்றன. இரண்டையும் இணைப்பது நீளமான நரம்பிழைக் கற்றை. ஒவ்வொரு பக்கமும் அதற்கு மூன்று கிளை. 2011இல் மிஷேல் தியபோ த ஷோட்டன் என்பவரும் கூட்டாளிகளும் இவற்றை அளந்திருக்கிறார்கள். மேல் கிளை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. கீழ்க் கிளை வலது பக்கத்தில் பெரிது. நடுக் கிளை ஆளுக்கு ஆள் மாறுகிறது. யாருக்கு அது வலது பக்கத்தில் பெரிதாக இருக்கிறதோ, அவர்கள் இடது பக்கம் தோன்றுவதைச் சீக்கிரம் கண்டுகொள்கிறார்கள்.

மண்டையைத் திறக்காமல் இதை எப்படி அளப்பது? தண்ணீரை வைத்துத்தான்! மூளைக்குள் இருக்கும் தண்ணீர் ஓயாமல் அசைகிறது. இழையின் நெடுக்கில் அது எளிதாகப் போகும், குறுக்கே போனால் தடை. எந்த இடத்தில் எந்தத் திசையில் அசைவு அதிகம் என்று எம்.ஆர்.ஐ. புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொள்ள, கம்ப்யூட்டர் அவற்றைக் கோத்துக் கோடு போடுகிறது. நெல் மறைத்த வயலில் தண்ணீர் போகும் போக்கைப் பார்த்து வாய்க்கால் எங்கே என்று சொல்வோமே, அது மாதிரி. ஆனால் இரண்டு கற்றை குறுக்கிடும் இடத்தில் கோடு தடம் மாறிவிடும். விடை முன்பே தெரிந்த ஒரு மாதிரியைக் கொடுத்து 20 குழுக்களை வரையச் சொன்னார்கள், முடிவு 2017இல் வெளிவந்தது. உள்ள கற்றைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கூடவே இல்லாத கற்றைகளை அதைவிட அதிகமாக வரைந்திருந்தார்கள்.

அதனால் கம்ப்யூட்டர் வரையும் படத்தைவிட எனக்கு நம்பிக்கை தந்தது பாரிஸில் நடந்த ஒரு சோதனை. 2005இல் வெளியான சேதி. மூளை ஆபரேஷன் நடக்கும்போதே விழித்திருந்த நோயாளிகளிடம் ஒரு கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வலது பக்கத்தில் அந்த இழைகள் போகும் இடத்தில் லேசாக மின்சாரம் கொடுத்ததும், நடு என்று அவர்கள் வலப்புறம் தள்ளிக் குறித்தார்கள்.

அப்புறம் மகள் சொன்ன இன்னொன்று என்னைத் தூங்கவிடவில்லை. 1978இல் மிலான் நகரில் பிசியாக், லுஸாத்தி என்ற இருவர், இதே குறை உள்ளவர்களிடம் அந்த ஊர்ப் பேராலயச் சதுக்கத்தை மனதில் கொண்டுவந்து சொல்லச் சொன்னார்களாம். நானும் மறுநாள் அண்ணனிடம் கேட்டேன். “ஆற்றுக்கு முதுகு காட்டி நின்று சூலே பகோடாவைப் பாருங்கள், என்னென்ன தெரிகிறது?” கண்ணை மூடிக்கொண்டு மகாபந்தூலா பூங்கா, அதற்கு அந்தப்புறம் சிட்டி ஹால் என்றார். இடது பக்கம் இருக்கும் பள்ளிவாசலைச் சொல்லவே இல்லை. “சரி, இப்போது வடக்கே போய் ஆற்றைப் பார்த்து நில்லுங்கள்” என்றேன். பள்ளிவாசல் வந்துவிட்டது! இப்போது இடது பக்கமாகிவிட்ட பூங்காவும் சிட்டி ஹாலும் காணாமல் போயின. உனக்கும் எனக்கும் சைக்கிள் பழக்கிய நாளெல்லாம் நம்மை அந்தப் பூங்காவில்தானே உட்காரவைத்து இளைப்பாறவிடுவார்? அண்ணி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் பிடிவாதம் என்று சொல்வதில்லை.

இப்போது பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுத் தருகிறோம். கோட்டைத் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்து வாசிக்கப் பழகுகிறார். நேற்று ‘மாங்காய்’ முழுசாக வந்தது. நானும் என் நாற்காலியை அவர் இடது பக்கம் மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ போன் பண்ணு. போனை ஸ்பீக்கரில் போட்டு அவருக்கு இடது பக்கமாக வைக்கிறேன். முன்பு தெருமுனையில் நின்று கூப்பிடுவாயே, “பெரியண்ணே” என்று, அதே குரலில் கூப்பிடு. எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்க்க வேண்டும்.

உன் நண்பன்