அந்த ஓடையோரப் புதினா

பாப்பா,

இது என்ன புதினா, துவையல் அரைக்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். யார்க்‌ஷயரில் ஓடைத் தண்ணீரிலேயே வேர்விட்டு நிற்கிறது, தண்டு நுனியில் இளம் ஊதாவில் உருண்டையாகப் பூ, அப்படியென்றால் அது மெந்தா அக்வாட்டிகாதான், இங்கிலாந்தில் வாட்டர் மின்ட் என்பார்கள். 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர், இன்னும் அதேதான். தண்டை விரலில் உருட்டிப் பார், நாலு பட்டையாக இருக்கும், துளசிக் குடும்பம் ஆயிற்றே. ஆனால் அந்தக் குடும்பத்தில் வாசனையே இல்லாத செடிகளும் உண்டு, அதனால் இலையைக் கசக்கி மோந்தும் பார்த்துவிடு.

நுனியில் உருண்டை இல்லாமல் இலைக் கணுக்களில் மட்டும் வளையம் வளையமாகப் பூத்திருந்தால் அது மெந்தா ஆர்வென்சிஸ் என்ற வேறு புதினா. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கலந்துவிடும், புதினாக்களுக்கு இதே வேலை! நீ குடிக்கிற பெப்பர்மின்ட் டீ கூட இந்த அக்வாட்டிகாவுக்கும் நம் சமையல் புதினாவான ஸ்பைகாட்டாவுக்கும் பிறந்த பிள்ளைதான். லின்னேயஸ் அதைத் தனி இனம் என்று நினைத்து மெந்தா பைப்பெரிட்டா என்று எழுதினார், கலப்பு என்று தெரிந்த பிறகு பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி வந்தது. அதில் விதை பிடிப்பது அபூர்வம், தண்டு ஓடித்தான் பரவும்.

சரி, துவையல் அரைக்கலாமா என்று கேட்டாயே. ஓடைக்கு மேல்பக்கம் செம்மறி மேய்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய், அப்புறம் எப்படி? ஆட்டின் கல்லீரலில் இருக்கிற தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு தண்ணீருக்கு வந்து, சின்ன நத்தைக்குள் வளர்ந்து, வெளியே வந்து இந்த மாதிரிச் செடிகளில் ஒட்டிக்கொள்ளும். கழுவினால் போகும் என்று நம்ப முடியாது, நன்றாக வெந்தால்தான் சாகும். நாம் புதினாவை வதக்குகிற வதக்கலெல்லாம் போதாது. அங்கே பறித்ததைப் பச்சையாக வாயில் வைக்கவே வைக்காதே.

ஆசையாக இருந்தால் நுனியை மட்டும் கிள்ளி வந்து குழாய்த் தண்ணீரில் போட்டு வை, வேர்விடும். பிறகு தொட்டியில் நட்டு, அடியில் ஒரு தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கட்டும். வேரோடு பிடுங்கிவிடாதே, நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் காட்டுச்செடியைப் பிடுங்குவது அங்கே 1981 சட்டப்படி குற்றம். கிள்ளி வந்த இலைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகத் துளிர்ப்பதை அரைத்துக்கொள், கடைப் புதினாவைவிடக் காட்டமாக இருக்கும், புளி கொஞ்சம் கூடவே வை. அப்பா கட்டி அனுப்பிய புளி இன்னும் மீதி இருக்கிறதா?

அம்மா