ரைஸ் ஓட்டல் வழியாகப் போகும்போதெல்லாம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஹூஸ்டனில் நாங்கள் எல்லோரும் சுகம். பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான்.

தேர்தல் சமாசாரம் கேட்டிருந்தாய். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? பள்ளி வாரியத்துக்கு ஓட்டுப் போடப் போனேன். திரையில் இருந்த யாரையும் எனக்குத் தெரியாது. ஒரு பெயரைப் பார்த்ததும் அவருடைய மதம் புரிந்தது. அவ்வளவுதான், விரல் தானாக அடுத்த பெயருக்குப் போய்விட்டது. காரில் வந்து உட்கார்ந்த பிறகுதான் சுரீரென்று உறைத்தது.

இங்கே நகரத்தின் நடுவில் ரைஸ் ஓட்டல் என்ற பழைய கட்டடம் இருக்கிறது. இப்போது அதில் குடித்தனங்கள். 1960 செப்டம்பர் 12 அன்று, ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கத்தோலிக்கரான கென்னடி அங்கேதான் புராட்டஸ்டண்ட் பாதிரிமார்கள் முன்னால் போய் நின்றார். கத்தோலிக்கர் ஜனாதிபதியானால் போப் சொல்கிறபடிதான் நடப்பார் என்று அப்போது பலருக்குப் பயம். பதவியா மனசாட்சியா என்று வந்தால் ராஜினாமா செய்துவிடுவேன் என்றார். இரண்டாம் உலகப் போரில் அண்ணனைப் பறிகொடுத்தவர், தானும் பசிபிக்கில் படகு உடைந்து உயிர் தப்பியவர். சண்டைக்குப் போனபோது கேட்காத கேள்வியை ஓட்டுக் கேட்கும்போது கேட்டார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

1928-இல் ஜனாதிபதித் தேர்தலில் நின்ற இன்னொரு கத்தோலிக்கர் ஆல் ஸ்மித்துக்கு இதைவிட மோசம். நியூயார்க்குக்கு நான்கு முறை கவர்னராக இருந்தவர். அவர் வந்தால் நியூயார்க்கில் இருக்கும் ஹாலந்து சுரங்கப்பாதை போப் இருக்கும் வாடிகன் வரை போகும் என்று கிளப்பிவிட்டார்கள். அவர் தோற்றதற்கு மதம் மட்டும் காரணமில்லை. மதுவிலக்குத் தகராறு இருந்தது, எதிர்க்கட்சி ஆட்சியில் நாடும் செழிப்பாக இருந்தது. ஆனால் அவர் கவர்னராகச் செய்த வேலையைப் பற்றிப் பேசவே பலர் தயாராக இல்லை.

மார்ட்டின் லூதர் கிங்கின் அப்பா கதைதான் என்னை விடமாட்டேன் என்கிறது. நிறவெறியை வாழ்நாள் முழுக்க அனுபவித்தவர், அட்லாண்டாவில் பாப்டிஸ்ட் பாதிரியார். கத்தோலிக்கர் என்பதால் கென்னடிக்கு ஓட்டில்லை என்றிருந்தார். 1960 அக்டோபரில் மகன் சிறையில் இருந்தபோது, கர்ப்பிணியாக இருந்த மருமகளுக்குக் கென்னடி போன் பண்ணி ஆறுதல் சொன்னார். அதன் பிறகுதான் பெரியவர் மனசு மாறி, வெளிப்படையாக ஆதரித்தார். அவருக்கே அப்படி என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும், சொல்லு. எல்லா வேட்பாளரும் நமக்குப் போன் பண்ணப் போவதில்லை. நாமாகத்தான் விசாரிக்க வேண்டும்.

நான் தாண்டிப்போன அந்த மனிதர் தோற்றுவிட்டார். என் ஒரு ஓட்டால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அவருடைய துண்டுப்பிரசுரத்தைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் படித்தேன். பாதிக்கு மேல் பள்ளி பஸ் நேரத்துக்கு வராததைப் பற்றி எழுதியிருந்தார். எங்கள் தெருப் பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு காத்திருக்கிற அதே பஸ்.

அம்மாவிடம் விசாரித்ததாகச் சொல். டிசம்பரில் வருகிறேன், நேரில் பேசுவோம்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்