தமிழ் ஆய்வேட்டைப் படமாக வாங்காதீர்கள்: பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களின் ஆய்வுப் பிரிவு அலுவலர்களுக்கும் நூலகர்களுக்கும் நெறியாளர்களுக்கும் வணக்கம்.

காரைக்குடியில் கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் போக, கடைக்கு வரும் வேலையில் பெரும்பங்கு ஆய்வேடுகள்தான். தேவகோட்டை, பள்ளத்தூர், கண்டனூர், புதுவயல் பக்கமிருந்தெல்லாம் வருவார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர்கள். அதனால் இது யாரோ ஒருவர்மேல் சொல்லும் புகார் இல்லை. உங்கள் எல்லோரிடமும் கேட்க எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: ஆய்வேட்டின் மின்வடிவத்தை வாங்கும்போது, அதற்குள் தமிழ் தமிழாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள்.

பார்ப்பது அரை நிமிட வேலை. பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, நடுவில் ஏதாவது ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அதே பத்தி தமிழில் வந்தால் சரி. எதுவுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாக வந்தால் பழைய எழுத்துரு. நான் பார்த்த வரை இந்தப் பரிசோதனையை எந்த அலுவலகத்திலும் செய்வதில்லை. சி.டி.யின் மேல் பெயர் எழுதியிருக்கிறதா, உறைக்குள் இருக்கிறதா என்பதோடு சரி.

பழைய எழுத்துரு என்றால் பாமினி, வானவில் போன்றவை. கணினியைப் பொறுத்தவரை அவை ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் முகமூடி போட்டவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க ஜே, கே, பி, ஓ, கடைசியாக ஓர் அரைப்புள்ளி. கோப்பில் பதிவாவதும் அந்த ஐந்துதான். பாமினி இல்லாத கணினியிலும் தேடுபொறியிலும் அது தமிழே இல்லை. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று கணினிக்குச் சொல்லும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியாக்கமான ஒருங்குறியின் (யூனிகோடின்) முதல் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களைத் தரமாக அறிவித்தது, 2010-இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் இன்றைக்கும் என் மேசைக்குப் பாமினியில் அடித்த ஆய்வேடு வருகிறது. ஏன் என்றால், நான் பார்த்த பல வழிகாட்டிக் குறிப்புகளில் எழுத்தின் அளவு உண்டு, வரி இடைவெளி உண்டு, இடப்பக்க ஓரம் எத்தனை அங்குலம் என்பதும் உண்டு. எந்தக் குறியாக்கம் என்ற ஒரு வரி மட்டும் கிடையாது.

‘ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாமே, அதற்கு ‘மாற்றி’ என்ற மென்பொருள் இலவசமாகவே இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் ஒரே கோப்பில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் மாற்றிக்கு இரண்டும் ஒன்றுதான். சிறிய எழுத்தில் உள்ள ஆங்கில ‘தி’ என்ற சொல் ‘வாந’ என்று மாறி நிற்கும். துணைநூற் பட்டியல் முழுக்க ஆங்கில நூல்கள் என்றால் அத்தனையும் இந்தக் கதிதான். ஒவ்வொரு வரியாகப் பிரித்து மாற்றி, பிறகு கண்ணால் ஒப்பிட வேண்டும். வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்துவிட்ட ஆய்வாளரிடம் இதைச் சொன்னால், “அண்ணே, அதெல்லாம் யாருண்ணே பாக்கப் போறா? பைண்டிங்க முடிச்சுக் குடுங்க” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. உண்மையிலேயே யாரும் பார்ப்பதில்லையே.

ஒருங்குறியில் அடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் இல்லை. வேர்டில் ஒழுங்காக இருந்த ‘கோயில்’, பி.டி.எஃப். ஆனபின் எடுத்து ஒட்டினால் சிலவற்றில் ‘ேகாயில்’ என்று வருகிறது. கண்ணுக்கு முதலில் தெரியும் கொம்பைக் கோப்பும் முதலில் வைத்துவிடுகிறது. அப்புறம் ‘கோயில்’ என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்? செட்டிநாட்டைப் பற்றிய ஆய்வேட்டில் அந்தச் சொல் இல்லாத பக்கம் குறைவு. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களையும் பற்றி எழுதியவரின் உழைப்பு, ஒரு கொம்பு இடம் மாறியதால் தேடலில் வராமலே போகிறது. பி.டி.எஃப்.போடு வேர்டு மூலக் கோப்பையும் நூலகம் வாங்கி வைத்துக்கொண்டால், வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, என்றைக்காவது சரிசெய்ய வழி இருக்கும்.

ஸ்கேன் செய்து கொடுப்பதற்கு வேறு காரணம். சான்றிதழ்ப் பக்கத்தில் நெறியாளரின் கையெழுத்து இருக்க வேண்டும் என்கிறீர்கள். நியாயம்தான். அந்த ஒரு பக்கத்துக்காக முழு ஏட்டையும் ஸ்கேன் செய்கிறார்கள். கையெழுத்துள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்து மற்றவற்றை மூலத்திலிருந்தே பி.டி.எஃப். ஆக்கலாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும். இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்கு எப்படியும் முகப்பு, சான்றிதழ் உள்ளிட்ட முன்பக்கங்கள், இயல்கள் எல்லாம் தனித்தனிக் கோப்பாகத்தான் போக வேண்டும். முகப்புக்கு 01, முன்பக்கங்களுக்கு 02 என்று எண் போட்டுக்கொண்டே போய், கடைசியில் திடீரென்று 80 என்று ஒரு கோப்பு வரும். அந்த 80 எங்கிருந்து குதித்தது என்று கேட்காத ஆய்வாளரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி கொஞ்சம் கசப்பான சங்கதி. கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிகளின்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை, அதற்குமேல் போனால் படிப்படியாக நடவடிக்கை. பாமினியில் அடித்த ஆய்வேட்டை, ஒப்புமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் ஏற்றினால் என்ன ஆகும்? அதன் கண்ணுக்கு அது தமிழே இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலைப் பார்த்துவிட்டு ஒப்புமை ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று சான்று கொடுத்துவிடும். இது ஆய்வாளர்களுக்கும் தெரிந்துவிட்டது. ‘பழைய ஃபான்ட்டிலேயே இருக்கட்டும்’ என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. ஒருங்குறியில் நேர்மையாக அடித்தவர் மேற்கோள் காட்டிய சங்கப் பாடலும் கல்வெட்டு வாசகமும் ஒப்புமையாகக் காட்டப்படுகின்றன. உரிய முறையில் எடுத்தாண்ட மேற்கோளையும் துணைநூற் பட்டியலையும் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று அந்த விதியே சொல்கிறது. அதைக் கழித்துப் பார்க்காமல், எண்ணை மட்டும் பார்த்து ஏட்டைத் திருப்பி அனுப்பும் இடங்கள் இருக்கின்றன. ஆக, ஒழுங்காகச் செய்தவர் அலைகிறார், ஒளித்தவர் பட்டம் வாங்குகிறார். குறியாக்கம் சரியில்லாத கோப்புக்கு ஒப்புமைச் சான்று தர மாட்டோம் என்று மட்டும் நீங்கள் சொன்னால் பாமினி ஒரே ஆண்டில் என் கடையைவிட்டுப் போய்விடும்.

எங்கள் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கையில் நடத்திய கடைகளின் பழைய பேரேடுகளையும் ஐந்தொகைகளையும் வைத்து ஆய்வு செய்கிறவர்கள் வருவார்கள். அந்தக் கணக்குகளில் பின்னங்களுக்குத் தனிக் குறிகள்: முந்திரி என்றால் 1/320, காணி 1/80, மா 1/20. இவற்றை அடிக்க வழியே இல்லாமல் ஒவ்வொரு குறியையும் படம் எடுத்து வரிக்கு நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தோம். வரி அசைந்தால் படமும் ஓடிவிடும். 2019-இல் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில் இந்தக் குறிகளுக்கென்றே தனித் தொகுதி வந்துவிட்டது. கல்வெட்டுக்காரர்களுக்கு வேண்டிய கிரந்தம் 2014-இலேயே சேர்ந்துவிட்டது. நோட்டோ வரிசையில் இரண்டுக்கும் இலவச எழுத்துருக்கள் இருக்கின்றன. கோப்புக்குள் எழுத்துருவையும் பொதித்துச் சேமித்தால் எந்தக் கணினியிலும் கட்டம் கட்டமாகத் தெரியாது. ஆனால் ‘குறிப்பிட்ட இந்த ஒரு எழுத்துரு தவிர வேறு கூடாது’ என்று ஒரு பல்கலைக்கழகத்தின் விதியில் இருந்ததால், அடிக்க முடிந்த குறிகளையே திரும்பவும் படமாக மாற்றி ஒட்ட வேண்டியதாயிற்று. எழுத்துருவின் பெயரை விதியாக்காதீர்கள். ஒருங்குறி, பொதித்த எழுத்துரு, அவ்வளவு போதும்.

எந்தப் பிரதியை வாங்குகிறீர்கள் என்பதையும் பாருங்கள். மின்பிரதி தர வேண்டும் என்ற விதி 2009 முதல் இருக்கிறது. மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, மதிப்பீடு முடிந்தபின், பட்டம் அறிவிப்பதற்கு முன், மின்பிரதியைச் சோத்கங்காவை நடத்தும் இன்ஃபிளிப்நெட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்படியென்றால் தேர்வாளர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்த பிரதிதானே போக வேண்டும்? நடப்பது வேறு. முதலில் ஏட்டைச் சமர்ப்பிக்கும்போதே சி.டி.யை வாங்கிக்கொள்கிறார்கள். வைவாவில் திருத்தம் சொல்வார்கள், ஆய்வாளர் அச்சுப் பிரதியில் திருத்துவார், மேலே போவது பழைய சி.டி.யே. தேர்வாளர் பிழை என்று சொன்ன ஆண்டும் அரசன் பெயரும் இணையத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கானாடுகாத்தான் பக்கம் வீடுகளைப் பற்றி ஆய்வு செய்த ஒரு பெண், முகப்பு, பட்டாலை, வளவு, சாமி அறை என்று வீட்டுக்காரர் அனுமதியோடு படம் எடுத்து வந்தார். பக்கம் அமைக்கும்போது நான்தான் கேட்டேன், இது இணையத்திலும் வரும் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று. மறுபடி போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு ஆச்சி, “புக்குல மட்டுந்தான் வரும்னு நெனச்சேன். ஊரே பாக்குமா?” என்று கேட்டிருக்கிறார். பயம் நியாயமானது. ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் வீடுகள் இங்கே நிறைய. தேக்குக் கதவு, செதுக்குத் தூண், உள்ளே என்ன இருக்கிறது, வீடு எந்தத் தெருவில் என்பதெல்லாம் ஒரே கோப்பில் இருந்தால் ஆய்வு மாணவர் மட்டுமா படிப்பார்? குடும்பத்தின் சீர்முறைகளை எழுதிவைத்த முறைச்சிட்டையையும் கடன் கணக்கையும் பின்னிணைப்பில் அப்படியே போடுகிறார்கள், பெயரோடு.

அச்சு ஏடு நூலகத்தின் ஓர் அலமாரியில் இருந்தது, நேரில் வருகிறவர் பார்த்தார். மின்வடிவம் அப்படி இல்லை. அதனால் தகவல் தருகிறவருக்குத் தமிழில் ஒரு ஒப்புதல் படிவம் நீங்களே தயாரித்துக் கொடுங்கள். ‘இது இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்’ என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். சில பின்னிணைப்புகளை மட்டும் நூலகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் வழி வேண்டும். அதற்காக முழு ஆய்வேட்டையும் மூடி வைக்கக் கேட்பவர்கள் பக்கம் நான் இல்லை. அது வேறு காரணத்துக்காகக் கேட்பது, உங்களுக்கே தெரியும்.

காப்பதைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராக நூலும் இதழும் நோட்டீசுமாகச் சேர்த்து வைத்தார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகம் வந்தது. அங்கே பட்டியலிட்டு, நுண்படம் எடுத்து, தேடினால் கிடைக்கும்படி செய்தார்கள். இன்றைய ஆய்வேடு பிறக்கும்போதே மின்வடிவில் பிறக்கிறது. அதைப் போய் அச்சடித்து, ஸ்கேன் செய்து, தேட முடியாத படமாக்கிக் காப்பகத்தில் போடுகிறோம்.

தலைப்பு விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் ஆய்வேட்டின் தலைப்பை ஆங்கில எழுத்தில் மட்டும் பதிவு செய்கிறார்கள். காரைக்குடிக்கே ஆங்கிலத்தில் ஒரு ‘க்’ போடுகிறவர்களும் உண்டு, இரண்டு போடுகிறவர்களும் உண்டு. தமிழ்த் தலைப்பைத் தமிழ் எழுத்திலும் பதிவு செய்தால் தேடுகிறவருக்கு இந்தத் தொல்லையே இல்லை.

இதையெல்லாம் சமர்ப்பிக்கும் வாரத்தில் சொல்லிப் பயனில்லை. பதிவு செய்யும் நாளிலேயே, தமிழில், இரண்டு பக்கத்தில் கையில் கொடுங்கள். முதல் இயலையே ஒருங்குறியில் அடித்துவிட்டால் கடைசியில் மாற்றும் வேலை கிடையாது. எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்தால் நல்லது. பாதி ஆய்வேடுகள் எங்கள் கையில்தானே உருவாகின்றன.

பழைய ஏடுகளுக்கு என்னால் ஆன ஒன்றையும் சொல்கிறேன். என் கடையில் அடித்த ஆய்வேடுகளின் மூலக் கோப்புகள் பெரும்பாலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன, பாமினியில் உள்ளவையும் சேர்த்து. உரியவர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் ஒருங்குறிக்கு மாற்றி, ஒப்பிட்டு, நூலகத்துக்குக் காசு வாங்காமல் தருகிறேன். சி.டி.யில் இருப்பவை ஒவ்வொன்றாகப் படிக்க முடியாமல் போகின்றன, அதனால் கொஞ்சம் சீக்கிரம். எந்த அலுவலகத்தில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி டி.டி.பி. கடைக்காரன்