செயலாளர் மச்சானுக்கு

கிளிநொச்சி
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

உதைபந்தாட்ட லீக்கின் செயலாளராக உன்னைத் தெரிவுசெய்த செய்தி கிடைத்தது. வாழ்த்து. 'பந்து பிடித்தவனுக்குக் கோவை தூக்கத் தெரியுமோ' என்று கேட்டிருந்தாய். நெதர்லாந்தின் பழைய கோல் காப்பாளர் எட்வின் வன் டெர் சாரை எடுத்துப் பார்.

ஆட்டக்காரராக அவரை உனக்கு நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. நெதர்லாந்துக்காக 130 ஆட்டம், 1995இல் நெதர்லாந்துக் கழகமான அயாக்ஸோடும் 2008இல் மன்செஸ்டர் யுனைட்டெட்டோடும் ஐரோப்பாவின் சம்பியன்ஸ் லீக் கிண்ணம். மொஸ்கோவில் நடந்த அந்த 2008 இறுதியாட்டத்தின் பனால்ட்டிகளை மட்டும் இன்னொருமுறை பார். எதிரணி செல்சியின் முதல் ஆறு அடியும் அவருடைய இடப்பக்கமாகவே போயின. ஏழாவதாக அனெல்கா வந்து நிற்க, இவர் இடக்கையை நீட்டி அந்த மூலையைக் காட்டினார். எல்லாரும் இங்கேதானே அடிக்கிறீர்கள், நீயும் அடி என்பதுபோல. அனெல்கா மறுபக்கம் அடித்தார். வன் டெர் சார் அந்தப் பக்கமே பாய்ந்து தடுத்துவிட்டார்.

2011இல் விளையாட்டை விட்டவர் நேரே தலைமைக் கதிரையில் ஏறவில்லை. விளையாட்டு முகாமைத்துவம் படித்தார். 2012இல் அயாக்ஸில் சந்தைப்படுத்தல் பணிப்பாளரானார். அனுசரணையாளரோடு பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது என்று நான்கு வருடம் போன பிறகுதான், 2016இல், தலைமை நிறைவேற்று அதிகாரி. அயாக்ஸ் பங்குச்சந்தையில் இருக்கிற கழகம், கணக்கு பிழைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். நீயும் முதல் மூன்று மாதம் பொருளாளருக்குப் பக்கத்தில் இருந்து பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பழகு.

2019இல் அவருடைய கழகம் சம்பியன்ஸ் லீக் அரையிறுதிவரை போனதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2017 ஜூலையில் ஒஸ்திரியாவில் ஒரு நட்பாட்டத்தில் அயாக்ஸின் நூரி என்ற இருபது வயதுப் பொடியன் மைதானத்தில் சுருண்டு விழுந்தான். இதயத் துடிப்புக் குழம்பி மூளைக்கு ஒட்சிசன் போகவில்லை, நிரந்தரப் பாதிப்பு. சிகிச்சையில் பிழையில்லை என்றுதான் கழகம் முதலில் நின்றது. அடுத்த வருடம், விசாரணைக்குப் பிறகு, வன் டெர் சாரே வெளியில் வந்து, மைதானத்தில் கொடுத்த சிகிச்சை போதாது, பொறுப்பு எங்களுடையது என்று சொன்னார். மூச்சுப்பாதையைப் பார்த்தவர்கள் இதயத்தைப் பார்க்கப் பிந்திவிட்டார்கள். 2022இல் நூரியின் குடும்பத்துக்கு 78.5 இலட்சம் யூரோ கொடுக்க உடன்பட்டார்கள். காசு காசுதான், ஆனாலும் பிழையென்று ஒப்புக்கொள்ள எத்தனை நிர்வாகிகளுக்கு வாய் வரும்?

அதனால் போட்டி அட்டவணைக்கு முதல் நீ செய்யவேண்டிய வேலை இது. ஒருவரோடும் மோதாமல் பொடியன் விழுந்தால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள். எங்கட பக்கத்தில் வலிப்பு என்று நினைத்துக் கையில் திறப்பைத் திணிப்பார்கள், முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள், தூக்கி இருத்திச் சோடா பருக்கப் பார்ப்பார்கள். ஓட்டோவில் ஏற்றினால் நெஞ்சை அழுத்தவே முடியாது. தோளைத் தட்டிக் கூப்பிடு. அசைவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் உடனே தொடங்கு. இடைக்கிடை வரும் ஏங்கல் மூச்சை மூச்சென்று நம்பி ஏமாறாதே. ஒருவர் 1990க்கு அடிக்க, இன்னொருவர் சந்திக்கு ஓடி அம்புலன்சை உள்ளே கூட்டிவர வேண்டும். நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அடியை வைத்து 5, 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுதாக மேலெழ விடு. முப்பது அழுத்தத்துக்கு இரண்டு ஊதல், ஊதப் பழகாதவர் அழுத்தினால் மட்டும் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று, கை களைத்தால் ஆழம் குறையும். மின்னதிர்ச்சிக் கருவி கிடைத்தால் அது வந்தவுடன் போடு, அதுவரை கை நிற்கக்கூடாது. கழகத்துக்கு இரண்டு பேரென்று வரச்சொல்லி, வைத்தியசாலையில் கேட்டு ஒருநாள் பழக்கிவிடு.

அவருடைய முடிவு நல்லாயில்லை. 2022இல் உதைபந்தாட்டப் பணிப்பாளர் ஓவர்மார்ஸ் விலகினார், பயிற்றுநர் டென் ஹாக் மன்செஸ்டர் போனார், அன்ரனியும் மார்ட்டினெஸும் விற்கப்பட்டார்கள். காசு வந்தது, அணி மூன்றாமிடத்துக்கு இறங்கியது. 2023 மே முடிவில் பதவியை விட்டார். அதற்குச் சில நாள் முந்தி, ஜேர்மனியின் பயேர்ன் கழகத்தில் அதே பதவியில் இருந்த இன்னொரு பழைய காப்பாளர் ஒலிவர் கானை நீக்கினார்கள், அதுவும் கிண்ணம் வென்ற நாளிலேயே! ஓவர்மார்ஸ் போனால் யார் என்ற கேள்விக்கு அயாக்ஸிடம் ஆயத்தமான பதில் இருக்கவில்லை என்பது என் எண்ணம். உன் உதவிச் செயலாளருக்கு இப்போதே வீரர் பதிவுக் கோவையின் திறப்பைக் கொடுத்து வை.

கூட்டக் குறிப்பு, வாக்காளர் பட்டியல், யாப்பு இவற்றில் அசட்டை வேண்டாம். 2023 ஜனவரியில் மூன்றாந்தரப்புத் தலையீடென்று ஃபிஃபா இலங்கையை இடைநிறுத்தியது, ஓகஸ்ட் கடைசிவரை தேசிய அணி சர்வதேச ஆட்டம் ஆட வழியில்லை. கதிரைச் சண்டை மேலே, வீட்டில் இருந்தது பொடியள்.

காப்பாளர் பந்தை எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் இப்போது எதிரணிக்குக் கோர்னர், தெரியும்தானே? லீக் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களுக்கும் இப்படியொரு சட்டம் இருந்தால் நல்லது.

முதல் ஆட்டத்தைப் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வை, இந்த வெயிலில் மூன்று மணி சரிவராது. திகதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் மச்சான்