ஆரல்வாய்மொழியில் உதவிய அண்ணாச்சிக்கு நன்றி

ஆரல்வாய்மொழி அருகே எங்கள் டீசல் கேரவனில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டியை ஓரங்கட்டியபோது பைக்கை நிறுத்திவிட்டு ஓடிவந்த அண்ணாச்சிக்கு இந்த நன்றி. பெயர் கேட்டோம். "அதெல்லாம் எதற்கு, முதலில் வண்டியைப் பார்ப்போம்" என்றுவிட்டார்.

ரேடியேட்டர் மூடியில் கைவைக்கப் போன மைத்துனரை அதட்டித் தடுத்தார். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சியடிக்கும். என்ஜின் ஆறிய பிறகு, அந்த ஊர்க் காற்றில் ஆடிய போனட்டை ஒரு கையால் பிடித்தபடி டார்ச் அடித்துத் தேடினார். ரேடியேட்டரிலும் ஹோஸிலும் குறையில்லை. கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் அருகே திருகியிருந்த வெப்பநிலை சென்சாரின் அடியில் கூலன்ட் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளேயும் ஈரம்! சென்சாருக்குள்ளேயே கசிந்தால் கூலன்ட் வயர் வழியே ஏறி மற்ற இணைப்புகளையும் அரித்துவிடுமாம். இன்னொன்றும் சொன்னார்: கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றால், என்ஜின் வெந்துகொண்டிருந்தாலும் மீட்டர் முள் குறைவாகவே காட்டக்கூடும். முள்ளை மட்டும் நம்பி மலையேறுபவர்கள் கவனிக்க.

நாகர்கோவில் போய்ப் புது சென்சாரும் வாஷரும் வாங்கிவந்து மாட்டினார். கூலன்ட் ஊற்றி, காற்றுக் குமிழ்கள் அடங்கும்வரை என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். பாகத்தின் விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. அண்ணாச்சி, பெட்ரோல் காசையாவது வாங்கியிருக்கலாம்.