வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: ஐரோப்பியக் கலையோடு ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும் வட்டத்தின் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம்.

சென்ற பொதுக்குழு முடிவு செய்தபடி, இந்த ஆண்டு முழுவதும் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் ஓவியம், இலக்கியம், இசை மூன்றையும் சேர்த்தே படித்தோம். மாதம் ஒன்று என்று திட்டமிட்ட கூட்டங்களில் 11 நடந்தன. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னருக்கென்று வைத்திருந்த மாலையில் மழையோடு கரண்ட்டும் போய்விட்டதால் அது மட்டும் நின்றுபோனது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் கூட்டத்துக்கு நான் அந்த நூற்றாண்டின் கலை இயக்கங்களை ஒரு வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். கற்பனாவாதம், அப்புறம் யதார்த்தவாதம், அப்புறம் இம்ப்ரெஷனிசம், கடைசியில் குறியீட்டுவாதம். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியையான நம் மூத்த உறுப்பினர் அதைப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, ஒருநாள் காலையில் எழுந்து எல்லாரும் சேர்ந்தா மாறினார்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றே வரிசையைக் கைவிட்டோம். பெயர்களை விட்டுவிட்டு ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டோம். இந்த ஆண்டு நாம் எடுத்த நல்ல முடிவு அதுதான் என்பது என் கருத்து.

முதலில் எடுத்தது 1830, பாரிஸ். பிப்ரவரி 25 அன்று விக்தர் ஹ்யூகோவின் 'எர்னானி' நாடகம் அரங்கேறியது. கூலிக்குக் கைதட்டுபவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹ்யூகோ தன் இளம் நண்பர்களைக் கொண்டே அரங்கை நிரப்பினார். 18 வயதுக் கவிஞர் கோத்தியே சிவப்பு மேலங்கியோடு வந்து உட்கார்ந்திருந்தார். சண்டை தொடக்க வரியிலேயே மூண்டுவிட்டது. 'மறைவான படிக்கட்டு' என்ற தொடரில் 'படிக்கட்டு' ஒரு வரியின் கடைசியிலும், 'மறைவான' அடுத்த வரியின் தலையிலும் விழுந்தன. வரியோடு பொருளும் முடிய வேண்டும் என்று பழகிய காதுகளுக்கு அது அத்துமீறல். நம் செய்யுளில் ஓரடியில் தொடங்கிய தொடர் அடுத்த அடியில் போய் முடிவது சாதாரணம் என்பதால், இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ளவே நமக்கு அரைமணி நேரம் பிடித்தது. புரிந்தபின் அந்த அரங்கமே கண்ணுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு ஜூலையில் புரட்சி வந்தது. பத்தாம் சார்லஸ் முடியிழந்தார். ஓவியர் தெலக்ருவா 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' ஓவியத்தைத் தீட்டினார். டிசம்பர் 5 அன்று இசையமைப்பாளர் பெர்லியோஸின் 'கற்பனைச் சிம்பொனி' முதன்முறையாக ஒலித்தது. அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை. காதலியைக் குறிக்கும் ஒரே மெட்டு ஐந்து பகுதிகளிலும் வெவ்வேறு முகத்தோடு வருகிறது. நான்காவது பகுதியில், கதையின் நாயகனான காதலனின் தலை வெட்டப்படுவதற்குச் சற்று முன்னால், கிளாரினெட்டில் ஒரு நொடி அது எட்டிப்பார்க்கிறது. உடனே முழு இசைக்குழுவும் ஓர் அடி அடிக்கிறது. அதன்பின் தந்திகளைச் சுண்டும் ஓசை. விழுந்த தலை. கடைசிப் பகுதியில் அதே மெட்டைச் சிறிய கிளாரினெட் கீச்சுக்குரலில் கேலியாக வாசிக்கிறது. பேண்டு வாத்தியத்தில் பல வருடம் கிளாரினெட் வாசித்த நம் உறுப்பினர், அந்தச் சின்னக் கருவியின் குரல் ஏன் அப்படிக் கிழிகிறது என்று விளக்கியபோது மூன்றாம் முறையும் போட்டுக் கேட்டோம்.

ஓவியர் கூர்பேயின் 'ஓர்னானில் ஓர் அடக்கம்' 1850ஆம் ஆண்டுக் கண்காட்சிக்கு வந்த படம். கிராமத்து இழவு ஒன்றை, மன்னர்களுக்கும் போர்களுக்கும் ஒதுக்கிவைத்திருந்த அளவில் வரைந்தார் என்று புத்தகத்தில் படித்தோம். படித்தால் போதவில்லை. படத்தின் உயரம் 10 அடிக்கு மேல், அகலம் ஏறக்குறைய 22 அடி. நம் கூடத்துச் சுவர் போதாமல் வெளியே மதில் சுவரில் நூல் பிடித்துச் சாக்பீஸால் கோடு போட்டோம். அதன் முன்னால் நின்றபோதுதான், பார்த்தவர்கள் ஏன் திகைத்தார்கள் என்பது உடம்புக்கே விளங்கியது. யதார்த்தவாதி என்ற பட்டத்தைத் தன் தலையில் கட்டினார்கள் என்றும், 1830இன் ஆட்களுக்குக் கற்பனாவாதிகள் என்ற பட்டம் வந்ததும் அப்படித்தான் என்றும் 1855இல் கூர்பேயே எழுதினார். என் வரிசைக்கு அவர் கையாலேயே கிடைத்த பதில் அது.

1857ஐ வழக்குகளின் ஆண்டு என்றே சொல்லலாம். ஒழுக்கத்தைக் கெடுக்கும் எழுத்து என்ற குற்றச்சாட்டில், பிப்ரவரியில் ஃப்ளோபேர் 'மதாம் பொவாரி' நாவலுக்காக நின்று விடுதலையானார். ஆகஸ்டில் கவிஞர் பொதலேர் 'தீமையின் மலர்கள்' தொகுப்புக்காக நின்றார்; 300 பிராங்க் அபராதம், 6 கவிதைகளுக்குத் தடை. அந்தத் தடை நீங்கியது 1949இல்தான். இரண்டு வழக்குகளையும் நடத்தியவர் ஒரே அரசு வழக்கறிஞர், பினார். கூட்டத்தில் 'மதாம் பொவாரி'யின் வேளாண் கண்காட்சி அத்தியாயத்தை இரண்டு உறுப்பினர்கள் எதிரெதிரே நின்று வாசித்தார்கள். ஒருவர் மேடைப் பேச்சு, ஒருவர் நாயகியை மயக்கும் ரொடோல்ஃபின் காதல் பேச்சு. காதல் உச்சிக்குப் போகிற இடத்தில் எருவுக்கான பரிசு அறிவிக்கப்படுகிறது. எழுதியவர் எங்கும் தலையிட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. பினாருக்குப் பொறுக்காமல் போனது இதுவும்தான்.

1874க்கு வருகிறேன். புகைப்படக்காரர் நதாரின் பழைய ஸ்டூடியோவில் சுமார் 30 ஓவியர்கள் தாங்களே கண்காட்சி வைத்தார்கள். மொனேயின் 'மனப்பதிவு (இம்ப்ரெஷன்), சூரிய உதயம்' என்ற தலைப்பைப் பிடித்துக்கொண்டு பத்திரிகை விமர்சகர் லெருவா செய்த கேலிதான் இம்ப்ரெஷனிசம் என்ற பெயரை ஊரறியச் செய்தது. செலவைக் குறைக்க அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்திருந்தேன். தாளில் சூரியனைக் காணோம்! மெஷின் கோளாறு என்று நினைத்து இன்னொரு கடையில் எடுத்தேன், அப்போதும் இல்லை. பிறகு தெரிந்தது: அந்த ஆரஞ்சும் சுற்றியிருக்கும் சாம்பல் நீலமும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரே அளவு. நிறத்தை எடுத்துவிட்டால் சூரியன் பனிமூட்டத்தில் கரைந்துவிடுகிறது. தகர டியூபில் அடைத்த வர்ணம் 1841இல் காப்புரிமை பெற்றிருந்தது. பன்றியின் சிறுநீர்ப்பையில் வர்ணத்தைக் கட்டிவைத்த காலம் போய், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போக முடிந்தது. கலை மாறியதைப் பேசும்போது இந்த டியூபையும் சேர்த்தே பேச வேண்டும்.

இறுதிக் கூட்டத்தில் கவிஞர் மல்லார்மேயின் 1876ஆம் ஆண்டுக் கவிதையிலிருந்து, அதையொட்டி இசையமைப்பாளர் தெபுஸ்ஸி எழுதிய 1894ஆம் ஆண்டு 'முன்னிசை'க்குப் போனோம். துணையே இல்லாமல் தனியாக இறங்கும் அந்தப் புல்லாங்குழல் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தெபுஸ்ஸிக்கும் தன்னை இம்ப்ரெஷனிஸ்ட் என்று அழைப்பது பிடிக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் எட்டுக் கண்காட்சிகளில் ஏழில் பங்கெடுத்த பெண் ஓவியர் பெர்த் மொரிசோவுக்குப் பத்து நிமிடம்தான் கொடுத்தோம். பாரிஸை விட்டு வெளியே போகவே இல்லை. ஆகவே வரும் ஆண்டின் முதல் கூட்டத்தை அதே 1874இல், ஆனால் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்கில் தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன். இறந்த நண்பர் ஹார்ட்மனின் படங்களுக்கு நடந்த நினைவுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கி எழுதிய பியானோ இசையை முதலில் கேட்போம். அதையே பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1922இல் இசைக்குழுவுக்கு ஆக்கியதை அதன் பின் கேட்போம். இரண்டாவது கூட்டம் மொரிசோவுக்கு, மூன்றாவது நின்றுபோன வாக்னருக்கு.

கூடம் தந்த நூலகத்துக்கும், ஸ்பீக்கரைத் தூக்கிவந்த இளைஞர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் சுக்கு காபி போட்டுத் தந்த அக்காவுக்கும் வட்டத்தின் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்