ஆக்சிமீட்டர் 98 காட்டினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கொவிட் சமயத்தில், 2021ல், சிங்கப்பூரில் தெமாசெக் அறநிறுவனம் வீட்டுக்கு வீடு கொடுத்த, ரத்தத்தில் ஆக்சிஜன் எப்படி இருக்கிறது என்று காட்டும் ஆக்சிமீட்டர் கருவியை இன்னும் பலர் வைத்திருக்கிறார்கள். யாருக்காவது மூச்சு வாங்கினால் விரலில் மாட்டிப் பார்ப்பது, 98 வந்ததும் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. என் அக்கா மேம்பாலப் படியில் பாதியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் 7.2தான், மிகவும் குறைவு. அன்றும் ஆக்சிமீட்டரில் 98தான்!

கருவியில் கோளாறு இல்லை. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு ஆக்சிஜனை ஏற்றியிருக்கிறது என்றுதான் அது சொல்லும், ஹீமோகுளோபின் மொத்தம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. பத்து பஸ் ஓட வேண்டிய தடத்தில் ஐந்துதான் ஓடுகிறது, ஆனால் ஐந்திலும் கூட்டம் நிரம்பி வழிகிறது என்றால் அதன் கணக்கில் 100தான். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். அளவு 14லிருந்து 7க்கு இறங்கினால் ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனும் ஏறத்தாழ பாதியாகிவிடும், இதயம்தான் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும்.

அப்புறம் இன்னொன்று. இரும்புச்சத்து மாத்திரையில் அக்காவுக்கு ஹீமோகுளோபின் 10.5 வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டது. சிவப்பணுவின் பருமனைக் காட்டும் எம்சிவி 80க்கு மேல் இருக்க வேண்டும், அவருக்கு 64. மேற்கொண்டு சோதித்ததில், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான பீட்டா தலசீமியாவின் மரபணுவைச் சுமப்பவர் என்று தெரிந்தது. இதனால் அவருக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் அந்த மரபணு அவர் மகளுக்கும் வந்திருக்கலாம், அவளுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பெண், மாப்பிள்ளை இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் கடுமையாக வர 25 விழுக்காடு வாய்ப்பு. அந்தப் பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், அதனால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றவும் தனியாக மருந்து வேண்டும்.

தலசீமியா ஆராய்ச்சிக்கும் நம் ஊருக்கும் பழைய தொடர்பு உண்டு. 1950களில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இங்கு வந்த டேவிட் வெதரால், கூர்க்கா வீரர் ஒருவரின் மகளுக்குத் தலசீமியா என்று கண்டறிந்து, பிறகு வாழ்நாள் முழுவதும் அதையே ஆராய்ந்தார். 2023ல் பிரிட்டன் இந்த நோய்க்கு மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்கே அனுமதி கொடுத்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்தபிறகும், சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமலே நம் பிள்ளைகள் மணமேடை ஏறுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

திருமணப் பதிவுக்கு வரும் ஜோடிகளுக்கு இதைப் பற்றித் தமிழிலும் ஒரு துண்டறிக்கை கொடுக்க வேண்டும். ரத்தவியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு நீங்களும் விரிவாக எழுத வையுங்கள்.

வாசகி,
ஈசூன்